பரிசாக வந்த சூரை

"உங்க படகு எந்த நாட்டுக் கொடியோட போகுது?"

"நம்ம கொடிதான். ஓரத்துல கொஞ்சம் கிழிஞ்சிருக்கும்."

"கிழிஞ்சதையெல்லாம் சொல்ல வேணாம் கேப்டன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

டின் மீன் ஆலையின் மாடி அறையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மேசைக்குப் பின்னால் அதிகாரி வேஷம் போட்டு உட்கார்ந்திருந்தவளுக்கு ஆலைக்காரர்கள் வைத்திருந்த பெயர் 'சலுகை மேடம்'. ஏற்றுமதியாளர் உதவி மையத்தில் வேலை. வசதி குறைந்த நாட்டுச் சரக்கை வரியில்லாமல் உள்ளே விடுகிற பணக்கார நாடுகள் சில உண்டு. அந்தக் கதவு இருப்பதே பல சின்ன முதலாளிகளுக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் நிபந்தனைகளைப் பார்த்து மிரண்டு ஓடிவிடுவார்கள். அவர்களைத் தேடிப் பிடித்து, உட்காரவைத்து, புரியவைத்து, கதவு வரைக்கும் கூட்டிப்போய் விடுவதுதான் அவள் பிழைப்பு. பேச்சில் பத்துக்கு எட்டு வார்த்தை 'வரிச் சலுகை'யாக இருந்ததால் அந்தப் பட்டம்.

எதிரே, மடிப்புக் கலையாத சட்டையில் கழுத்து இறுகி உட்கார்ந்திருந்தவன் கேப்டன். ஆலையின் படகை ஓட்டுகிறவன். சட்டையை மாட்டிவிட்டது அவனுடைய அக்கா. ஆலை முதலாளி. ஊரே 'பெரியக்கா' என்று கூப்பிடும். அவள் சுவரோரம் நின்று தம்பியை முறைத்துக்கொண்டிருந்தாள்.

நிஜமான அதிகாரி இன்னும் சற்று நேரத்தில் வந்துவிடுவார். சரக்கு வாங்கும் நாட்டின் சுங்கத்துறையிலிருந்து நேரடிச் சோதனை. கீழே முற்றத்தில் பெரியக்காவின் முதல் கன்டெய்னர், வாய் நிறைய டின் மீனோடு, சீல் வைக்கப்படாமல் காத்திருந்தது. இத்தனை வருஷம் மீனைக் கரையிலேயே பெரிய கம்பெனி ஏஜென்டுகளிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவியவள், இப்போதுதான் தன் பெயர் போட்ட டின்னை அனுப்பப் போகிறாள். வரி இல்லையென்றால்தான் அந்த விலைக்கு வாங்க ஆள் இருக்கிறது. சலுகை போனால் வாங்குகிறவர் போவார்; அவர் போனால் ஆலை போகும்.

"கடைசிக் கேள்வி," என்றாள் சலுகை மேடம், குரலைக் கனமாக்கிக்கொண்டு. "இந்த மீன்களைப் பிடிச்ச சமயத்துல கடல்ல ஏதாவது விசேஷமா நடந்துச்சா?"

சும்மா ஒத்திகையை முடிக்கக் கேட்ட கேள்விதான். கேப்டனின் முகம் விளக்குப் போட்டதுபோல் மலர்ந்தது.

"நல்லா கேட்டீங்க மேடம்! ஆழ்கடல்ல ஒரு வெளிநாட்டுப் படகு. எஞ்சின் செத்துப்போச்சு, ரேடியோவும் செத்துப்போச்சு. சட்டையைக் கழட்டி ஆட்டிக்கிட்டு நிக்கிறானுங்க. குடிக்கத் தண்ணி கூட இல்ல. நாங்க இருந்ததைக் கொடுத்து, கயிறு கட்டி இழுத்துக்கிட்டே வந்தோம். பாதி வழியில அவங்க கம்பெனிக் கப்பல் வந்துச்சு. அந்தப் படகோட கேப்டன் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதான் மேடம். அழுதுட்டு, எஞ்சின் இல்லாம மீனு கெட்டுப்போயிடும், எங்க கப்பல்லயும் வைக்க இடமில்ல, எல்லாத்தையும் நீயே எடுத்துக்கோன்னு தூக்கிக் கொடுத்துட்டான். பெரிய பெரிய சூரை! ஒரு பைசா வாங்கல."

சலுகை மேடத்தின் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது.

"அந்த மீன் எங்கே?"

"எங்கேன்னா? இங்கேதான். டின்ல."

சலுகை மேடம் பேனாவை மேசையில் வைத்தாள்.

"ஏம்மா முகம் இப்படிப் போகுது?" என்றாள் பெரியக்கா. "நீ சொன்னதைத் தாண்டி நாங்க எதுவும் செய்யலையே. வெளிநாட்டுப் படகுகிட்ட காசு கொடுத்து மீன் வாங்கக் கூடாதுன்னு சொன்னே. வாங்கலையே!"

அவள் சொன்னது உண்மை. காசு கொடுத்து வாங்கக் கூடாது என்றுதான் இந்த மேடம் பாடம் நடத்தியிருந்தாள். உயிரைக் காப்பாற்றியதற்குப் பரிசாக மீன் வரும் என்று எந்தப் பாடத்தில் இருக்கிறது?

"அக்கா, ஆழ்கடல்ல பிடிச்ச மீனுக்குப் படகுதான் ஊர். நம்ம படகு பிடிச்சா நம்ம மீன். அவங்க படகு பிடிச்சா, சும்மாவே கொடுத்தாலும் அது அவங்க மீன்தான். அது இருக்கிற டின்னுக்குச் சலுகை கிடையாது."

"கடல்ல நீந்துற மீனுக்கு எங்கேருந்தும்மா ஊரு வந்துச்சு?" என்றான் கேப்டன். "அது தலையில கொடியா நட்டிருக்கு?"

"சட்டம் அப்படித்தான் கேப்டன்."

"அந்த மீன் நம்ம வலைக்குப் பக்கத்துலேயே கூட நீந்தியிருக்கும்."

"நீந்தியிருக்கலாம். மாட்டலையே."

பெரியக்கா அதற்குள் ஜன்னலுக்குப் போய்விட்டாள். கீழே மீன் வெட்டும் கொட்டகை வாசலில் அவளுடைய நாத்தனார் நின்றிருந்தாள். வெட்டும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. கத்தியும் கூர், நாக்கும் கூர்.

"இந்தா, கேளு! வர்ற அம்மா யாரைக் கேட்டாலும் எல்லாம் நம்ம படகு மீனுதான். உறைஞ்சு கல்லு மாதிரி மீனு வந்துச்சுன்னு ஒருத்தி வாயிலயும் வரக் கூடாது. தெரியுதா?"

"எனக்கே சொல்லித் தர்றீங்களா அண்ணி? உங்க வீட்டுல உங்க வயசைக் குறைச்சுச் சொல்லிக் கல்யாணம் பண்ணப்பவே நான் வாயைத் திறக்கலையே!"

பெரியக்கா ஜன்னலைச் சாத்தினாள். "நீ போடா. படகுக்குப் போயிடு. உடம்பு சரியில்லைன்னு சொல்லிக்கிறேன்."

"அக்கா, வேண்டாம்," என்றாள் சலுகை மேடம். "இது நம்ம படகு மீன்தான்னு உறுதி கொடுத்துக் கையெழுத்துப் போட்டது நீங்க. பொய்னு தெரிஞ்சா இந்த டின் மட்டும் போகாது. சலுகைப் பட்டியல்லேருந்தே உங்க ஆலைப் பெயரை அடிச்சிடுவாங்க. அப்புறம் எந்தக் கன்டெய்னரும் உள்ளே போகாது."

"தெரிஞ்சாத்தானே! இந்த அறையில மூணு பேர். நீ சொல்லப் போறியா?"

சலுகை மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். வரப்போகிற அதிகாரிக்கு இங்குள்ள பேச்சு தெரியாது. மொழிபெயர்க்கப் போகிறவள் அவளேதான். மாற்றிச் சொன்னால் கண்டுபிடிக்க ஒரு நாதி இல்லை.

கேப்டன் எழுந்து போகவில்லை. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினான்.

"அப்ப அந்த ஆளுங்களை நான் காப்பாத்தவே இல்லைன்னு சொல்லணுமா அக்கா?"

"யாருடா அப்படிச் சொன்னது?"

"கேட்டா சொல்லக் கூடாதுன்னா வேற என்ன அர்த்தம்? என் ஆயுசுல நான் செஞ்ச ஒரே நல்ல காரியம். அதைப் போயி திருட்டு மாதிரி மூடி மறைக்கணுமா?"

பெரியக்கா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். தம்பி கெஞ்சினால் அவளுக்குப் பழக்கம், கோபித்தாலும் பழக்கம். அவன் குரல் உடைந்துபோவது பழக்கமில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வேற வழி இருக்காம்மா? சொல்லித் தொலை."

"இருக்கு. ஒரே கன்டெய்னர்ல ரெண்டு சரக்கா அனுப்பலாம். நம்ம மீனுக்குச் சலுகை. பரிசு மீனுக்கு முழு வரி, அதை நீங்க ஏத்துக்கணும். ஆனா எது எதுன்னு தெளிவாப் பிரிச்சுக் காட்டணும். முடியுமா?"

"முடியும். அது உறைஞ்சு கிடந்த மீனு. தொட்டியில போட்டு இளக வைச்சுத்தான் வெட்டுனோம். அதனால அன்னிக்கு வேற மீனு வெட்டல. அந்த ஒரு நாள் டின் ரெண்டு பலகை அடுக்கு. கன்டெய்னர் கதவுகிட்டேயே இருக்கு." எழுந்தவள் படியில் பாதி இறங்கியிருந்தாள். "ஏய், வண்டிக்காரரே! கதவைத் திறய்யா!"

இரண்டு அடுக்குகளும் முற்றத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தபோதே அதிகாரியின் கார் உள்ளே நுழைந்தது.

உயரமான பெண்மணி. நரைத்த தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். காரிலிருந்து இறங்கியதும் கை குலுக்கவில்லை. பின் இருக்கையிலிருந்து ஒரு பையை எடுத்து, அதிலிருந்து ரப்பர் பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டார். சொந்த பூட்ஸ். பல ஆலைகளில் நனைந்து வெளிறிய பூட்ஸ். சலுகை மேடம் அதையே பார்த்தாள். அறையில் உட்கார்ந்து காகிதம் புரட்டிவிட்டுப் போகிற ஆள் இல்லை இவர்.

"சோதனைக்கு முன்னால் ஏன் சரக்கை இறக்குகிறீர்கள்?" அதுதான் முதல் கேள்வி.

பெரியக்கா முன்னால் வந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி இழுத்து வந்த படகு, பரிசாகக் கிடைத்த மீன், விவரம் தெரியாமல் அடைத்தது, இன்று தெரிந்தது. சலுகை மேடம் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தாள். அதிகாரி முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"இந்த இரண்டு அடுக்கில் மட்டும்தான் அந்த மீன் இருக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்? வேறு பரிசுகள் வரவில்லை என்று எப்படி நம்புவது?"

பெரியக்கா அடுக்குகளையும் கன்டெய்னரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வேலை செய்கிறவர்களிடம் பேசுகிறேன். முதலாளியும் கேப்டனும் இங்கேயே இருக்கட்டும். நீங்கள் மட்டும் வாருங்கள்," என்றார் சலுகை மேடத்திடம். "நான் கேட்பதை மட்டும் அவர்களிடம் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வதை மட்டும் என்னிடம். வேறு ஒரு வார்த்தையும் கூடாது."

வெட்டும் கொட்டகையை நோக்கிப் பாதி முற்றத்தைத் தாண்டிய பிறகுதான் சலுகை மேடத்துக்கு உறைத்தது. ஜன்னல் வழியாகப் போன உத்தரவு! அதைத் திருப்பி வாங்க யாரும் போகவில்லை. திரும்பிப் பார்த்தாள். பெரியக்கா கன்டெய்னர் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். கை காட்டலாமா? பக்கத்திலேயே அந்த பூட்ஸ் சளக் சளக்கென்று வந்துகொண்டிருந்தது.

கொட்டகைக்குள் நீள மேசையின் இரு பக்கமும் பெண்கள். கத்திகள் நின்றன. மேசைத் தலைப்பில் நாத்தனார், இடுப்பில் கைவைத்துப் போருக்குத் தயாராக.

"உறைந்து கல்லாக இருந்த மீன் எப்போதாவது இங்கே வந்ததா?" அதிகாரி கேட்டார். சலுகை மேடம் கேட்டாள்.

"கல்லு மீனா?" நாத்தனார் வானத்தைப் பார்த்தாள், பூமியைப் பார்த்தாள். "அப்படி ஒரு மீனை நான் பிறந்ததுலேருந்து பார்த்ததில்லைங்க. எல்லாம் நம்ம கேப்டன் பிடிச்ச மீனு. ஐஸ்ல வரும், வழுவழுன்னு இருக்கும், வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். ஏண்டி, பார்த்திருக்கீங்களா?"

"இல்லவே இல்ல!" என்றது மேசை முழுவதும். ஒருத்தி தலையை ஆட்டிய வேகத்தில் தொப்பியே கழன்று விழுந்தது.

நாத்தனாரின் முகத்தில் கடமையைச் செய்து முடித்த பெருமிதம். சலுகை மேடத்தைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் கண்ணைக்கூடச் சிமிட்டினாள்.

அதிகாரி காத்திருந்தார்.

'ஆமாம், ஒரு நாள் வந்தது என்கிறார்.' ஒரே வரி. அதுதான் நிஜமும்கூட. நடந்ததைத்தானே சொல்லப் போகிறாள், அதில் என்ன பாவம்? இரண்டு பேச்சும் தெரிந்தவர் இங்கே வேறு யாரும் இல்லை. சலுகை மேடத்தின் நாக்கு நுனிவரை அந்த வரி வந்துவிட்டது. ஆனால் இந்தப் பெண்மணி இங்கே காதாகவும் வாயாகவும் நம்பியிருப்பது அவளை ஒருத்தியைத்தான். இன்றைக்கு நிஜத்துக்காக ஒரு வரியை மாற்றினால், நாளைக்கு எதற்காக மாற்றுவாள் என்று அவளுக்கே தெரியாது.

"அப்படி ஒரு மீன் வந்ததே இல்லை என்கிறார்," என்றாள். "எல்லோரும் அதையே சொல்கிறார்கள்."

அதிகாரி நெற்றியைச் சுருக்கினார். வெளியே வந்து பெரியக்காவின் முன் நின்றார்.

"அந்நிய மீன் வந்தது என்று முதலாளி சொல்கிறார். வரவில்லை என்று வேலைக்காரர்கள் சொல்கிறார்கள். யாரோ ஒருவர் பொய் சொல்கிறார். இந்த நிலையில் ஒரு டின்னைக்கூட என்னால் அனுமதிக்க முடியாது."

மொழிபெயர்ப்பைக் கேட்டதும் பெரியக்கா தலையில் கை வைத்தாள். "ஐயோ, நான்தானே சொல்லி வைச்சேன்!" அதையும் மொழிபெயர்க்கச் சொன்னாள். பிறகு அதிகாரியைப் பார்த்து, உங்கள் கண் முன்னாலேயே கேட்கிறேன் என்று நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"இந்தாடி, உண்மையைச் சொல்லு."

"எந்த உண்மையை அண்ணி?"

"கல்லு மீனு வந்ததைச் சொல்லு."

நாத்தனார் அண்ணியை உற்றுப் பார்த்தாள். அதிகாரியைப் பார்த்தாள். யாரோ அண்ணியை மிரட்டிப் பேசவைக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டாள் போலிருக்கிறது; தாடை இறுகியது.

"அப்படி எதுவும் வரலை அண்ணி. தைரியமா இருங்க. நான் இருக்கேன்."

"அடியே, நீ இருக்கிறதுதான்டி இப்போ பிரச்சனை!"

"கழுத்தை அறுத்தாலும் நான் சொல்ல மாட்டேன்."

"வரலையா? அப்போ அன்னிக்கு அரை நாள் வேலையை நிறுத்திட்டு என்கிட்ட வந்து கத்துனியே, அது எதுக்கு? வேலைக்கு டிமிக்கியா?"

"டிமிக்கியா?" நாத்தனார் கொதித்துவிட்டாள். "நானா டிமிக்கி? பாறாங்கல்லு மாதிரி மீனைக் கொண்டு வந்து கொட்டிட்டு வெட்டு வெட்டுன்னா யாரு வெட்டுறது? என் கத்தி நுனி ஒடிஞ்சு போச்சு! இவளுங்க கையெல்லாம் விறைச்சுப் போச்சு! தொட்டியில போட்டு அது இளகுறதுக்குள்ள எங்க உயிரு..." வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. "அண்ணி... சொல்லிட்டேனே."

"சொன்னதுக்கு நீ நல்லா இருப்பே," என்றாள் பெரியக்கா.

சலுகை மேடம் எல்லாவற்றையும், 'டிமிக்கி' வரைக்கும், மொழிபெயர்த்தாள். அதிகாரியின் உதட்டோரம் ஒரு நொடி அசைந்தது. பிறகு மறுபடியும் பழைய முகம்.

"எனக்கு இப்போது இரண்டு கதைகள் கிடைத்திருக்கின்றன. இரண்டுமே இதே வாயிலிருந்து. பேசத் தெரியாத சாட்சி ஏதாவது இருந்தால் காட்டுங்கள். அந்த மீனுக்கும் உங்கள் மீனுக்கும் என்ன வித்தியாசம்?"

கேப்டன்தான் பதில் சொன்னான். "நாங்க ஐஸ்ல போட்டு வைப்போம். அவங்களது பெரிய படகு. உப்புத் தண்ணியைக் கடுங்குளிராக்கி அதுக்குள்ள மீனை முக்கி உறைய வைப்பாங்க."

"உப்பு!" பின்னால் நின்றிருந்த, ஆலையின் ஆய்வக அறையில் டின்களைச் சோதிக்கும் பெண் சத்தமாகவே சொல்லிவிட்டாள். "மேடம், நம்ம டின்ல எண்ணெய் மட்டும்தான், உப்பே போடுறதில்லை. அந்த ஒரு நாள் மட்டும் சோதனையில உப்பு கூட வந்துச்சு. வரம்புக்குள்ள இருந்ததால விட்டுட்டேன். நான்தான் ஏதோ தப்பா அளந்துட்டேன்னு நினைச்சேன்."

உறைய வைக்கும் உப்புத் தண்ணீர் சதைக்குள் ஊறியிருக்கிறது. அதைச் சொல்லிப் பழக்கி வைக்க யாராலும் முடியாது. அதிகாரி உடனே கன்டெய்னருக்குப் போனார். எந்த அடுக்கு, எந்தப் பெட்டி, எந்த டின் என்று தானே பொறுக்கினார். உள்ளே தவழ்ந்து போய்க் கடைசி வரிசையிலிருந்துகூட எடுத்துவந்தார். ஒவ்வொன்றின் அடியிலும் தனக்கு மட்டும் புரிகிற குறி போட்டுக்கொண்டார்.

ஆய்வக அறை சின்னது. ஐந்து பேர் நின்றால் ஆறாவது ஆள் மூச்சை வெளியேதான் விட வேண்டும். டின்களைத் திறந்து, மீனை அரைத்து, வடிகட்டி, கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றினார்கள். மஞ்சள் நிறத் திரவம். மேலே நிறுத்திய அளவுக் குழாயிலிருந்து மருந்து சொட்டுச் சொட்டாக விழும். உப்பு தீர்ந்ததும் மஞ்சள் செங்கல் நிறத்துக்கு மாறும். உப்பு அதிகமென்றால் மருந்தும் அதிகம் இறங்கும். அவ்வளவுதான் கணக்கு.

முதல் குடுவை. சில சொட்டுகளிலேயே சிவந்தது. அதிகாரி அந்த டின்னின் அடியில் இருந்த குறியைப் பார்த்தார். "கன்டெய்னரிலிருந்து எடுத்தது."

பெரியக்கா மூச்சு விட்டாள்.

இரண்டாவது குடுவை சிவக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. குழாயில் மருந்து இறங்கிக்கொண்டே போனது. "வெளியே இறக்கிய அடுக்கு." சரியாக இருந்தது. மூன்றாவது சட்டென்று சிவந்தது, கன்டெய்னர் டின். நான்காவது மறுபடி தாமதம், இறக்கியது. கேப்டன் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

ஐந்தாவது குடுவை. சொட்டு விழுந்தது. மஞ்சள். இன்னொரு சொட்டு. மஞ்சள். மருந்து பாதிக்கும் கீழே இறங்கியும் மஞ்சள், மஞ்சள்.

அதிகாரி குறியைப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"இது கன்டெய்னருக்குள் இருந்த டின்."

பெரியக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. "இல்லையே... ரெண்டு அடுக்குத்தானே... நான் சத்தியமா..."

"எந்த நாள் டின்?" சலுகை மேடம் கேட்டாள். தன் குரலே தனக்கு அந்நியமாகக் கேட்டது.

"கல்லு மீனு வெட்டுனதுக்கு மறுநாள் போட்டது," என்றாள் ஆய்வகப் பெண். "அன்னிக்கு மத்தியானத்துக்கு மேல போட்ட டின்னைத்தான் நான் சோதிச்சேன்."

வாசலில் முண்டியடித்து நின்ற நாத்தனார் நெஞ்சில் கை வைத்தாள். "அடக் கடவுளே. தொட்டி அடியில கிடந்தது இளகவே இல்லை அண்ணி. நாலைஞ்சு பெரிய மீனு. மறுநாள் காலையில முதல் வேலையா அதைத்தான் வெட்டுனோம். அப்புறம்தான் நம்ம மீனு வந்துச்சு. உங்களுக்குத் தெரியாது. எதுக்குச் சொல்லணும்னு நான் சொல்லல."

சலுகை மேடம் மொழிபெயர்த்து முடிக்கும்வரை அதிகாரி நாத்தனாரையே பார்த்துக்கொண்டிருந்தார். இதுவரை எழுதாத வேகத்தில் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். பிறகு பெரியக்காவைப் பார்த்தார்.

"மறுநாள் டின் எத்தனை அடுக்கு?"

"ஒண்ணு." பெரியக்கா இப்போது தயங்கவில்லை. "முழுசையும் இறக்கிடறோம். அதுல நம்ம மீனுதான் பெரும்பாலும். இருந்தாலும் கலந்தது கலந்ததுதான். எனக்கு அது வேணாம்."

"அதற்கும் அடுத்த நாள்?"

"சோதிங்க," என்றாள் பெரியக்கா. "எத்தனை டின் வேணும்னாலும் உடைங்க."

அதிகாரி உடைத்தார். மூன்றாம் நாள், நான்காம் நாள், முந்தைய வாரம் என்று தேடித்தேடிக் கொண்டுவந்து உடைத்தார். மேசை முழுக்கத் திறந்த டின்கள். ஒவ்வொரு குடுவைக்கும் அறை முழுவதும் மூச்சைப் பிடித்தது. ஒவ்வொன்றும் சில சொட்டுகளில் செங்கல் நிறத்துக்கு வந்தது. வெளியே லாரி டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். மாலைக்குள் துறைமுக வாயிலைத் தாண்டாவிட்டால் கப்பல் இந்தக் கன்டெய்னரை விட்டுவிட்டுப் போய்விடும்.

கடைசிக் குடுவையும் சிவந்த பிறகு அதிகாரி கையுறைகளைக் கழற்றினார்.

"மூன்று அடுக்குகள் தனிச் சரக்கு. முழு வரி. மற்றதெல்லாம் உங்கள் படகு பிடித்த மீன் என்று நான் எழுதுகிறேன். அதற்குச் சலுகை உண்டு. உறுதிமொழியைத் திருத்தி, புதிதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்."

"எங்க பெயர்?" பெரியக்கா கேட்டாள். "பட்டியல்ல..."

"இருக்கும். நான் கேட்பதற்கு முன்பே நீங்கள் இறக்க ஆரம்பித்திருந்தீர்கள். அதையும் எழுதுவேன். வேலைக்காரர்களுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தீர்கள். அதையும் எழுதுவேன். அடுத்த கன்டெய்னருக்கும் நான் வருவேன்."

சலுகை மேடம் இதைச் சொல்லி முடித்ததும் பெரியக்கா அங்கேயே சுவரில் சாய்ந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது. நாத்தனார் ஓடிவந்து தாங்கிப் பிடித்தாள்.

முற்றத்தில், மூன்று அடுக்குகளையும் கன்டெய்னரில் கதவோரமாக ஏற்றிக் கயிறு கட்டிப் பிரித்தார்கள். அதிகாரி கார் இருக்கையோரம் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கேப்டன் அருகில் போய் நின்றான்.

"மேடம், அவங்ககிட்ட ஒண்ணு கேளுங்க. நாளைக்கே கடல்ல ஒருத்தன் சட்டையைக் கழட்டி ஆட்டினா நான் என்ன பண்ணணும்?"

அதிகாரி ஆச்சரியமாக நிமிர்ந்தார். "இழுத்துக்கொண்டு வர வேண்டும். வேறு என்ன?"

"மீனைக் கொடுத்தான்னா?"

"வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் விற்றுக்கொள்ளுங்கள், சாப்பிடுங்கள். உங்கள் மீனோடு மட்டும் சேர்க்காதீர்கள்." கார் கதவைச் சாத்தப் போனவர் நின்றார். "எத்தனை பேர் இருந்தார்கள், அந்தப் படகில்?"

கேப்டன் வாயைத் திறந்தான். அவ்வளவுதான், ஆரம்பமாகிவிட்டது. எஞ்சின், ரேடியோ, தண்ணீர், கயிறு, அலை எவ்வளவு உயரம், அந்தக் கேப்டன் எப்படி அழுதான். சலுகை மேடம் மூச்சுவிடாமல் மொழிபெயர்த்தாள். அதிகாரி ஒரு கையில் பூட்ஸோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

கன்டெய்னர் கதவில் சீல் 'டக்'கென்று பூட்டிக்கொண்டது. பெரியக்கா அதை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். லாரி உறுமிக்கொண்டு வாயிலைத் தாண்டித் திரும்பியது. அது கண்ணை விட்டு மறையும்வரை நின்றவள், திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் இன்னும் அலையின் உயரத்தைக் கையால் காட்டிக்கொண்டிருந்தான்.

"டேய், இன்னும் என்னடா கதை? அடுத்த கன்டெய்னருக்கு மீனை யாரு பிடிப்பா? உன் மாமனாரா?"